இருபது நிமிடச் சிகிச்சை, பதினான்கு மணி நேரக் காத்திருப்பு: வடசென்னையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஐஸ் உடைத்தும் பெட்டி தூக்கியும் பிழைத்த 64 வயதுப் பெரியவர் ஒருவர், சென்ற ஐப்பசி மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று எழுந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தும் அடங்காமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பல ஆண்டுகளாக உண்டு. இதயம் பலவீனமாக இருப்பதாக இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். நீர் பிரியும் மாத்திரை தீர்ந்து ஒரு வாரம் ஆகியும் வாங்கி வரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த வீட்டுக்காரன் என்ற முறையில் என்னை அவருடைய மகள் எழுப்பினார். 108க்கு அழைக்கலாம் என்று நான் சொன்னபோது, மழைத் தண்ணீர் தேங்கிய சந்துக்குள் வண்டி வருமா என்ற தயக்கத்தில், வாசலில் நின்றிருந்த ஆட்டோவிலேயே ஏற்றிவிட்டோம். அது தவறான முடிவு. 108இல் வந்திருந்தால், உடன் வரும் மருத்துவ உதவியாளர் வழியிலேயே ஆக்சிஜன் வைத்திருப்பார். இன்ன நிலையில் ஒருவர் வருகிறார் என்று மருத்துவமனைக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

அவரைக் கொண்டு சென்ற அரசு மருத்துவமனையின் பெயரை இங்கே தரப்போவதில்லை. அன்றிரவு அங்கே கண்டது ஒரு கட்டடத்தின் குறையோ ஒரு பணிநேரத்தின் குறையோ அன்று. பெயரைச் சொன்னால் வாசிப்பவரின் கவனம் அதிலேயே நின்றுவிடும். நான் சில ஆண்டுகள் மருத்துவ சமூகப் பணியில் இருந்தவன். அந்தப் பழக்கத்தில் அன்றிரவு நேரங்களைக் குறித்து வைத்தேன். பிறகு நோயாளியிடமும் மகளிடமும் மூன்று முறை பேசினேன். அதே நடைபாதையில் இருந்த வேறு இரண்டு குடும்பங்களிடமும், பணியில் இருந்த ஒரு செவிலியரிடமும், ஒரு பயிற்சி மருத்துவரிடமும் பேசினேன். யாருடைய பெயரும் இதில் இல்லை.

முதல் இருபது நிமிடம்

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு வாசலில் இறங்கினோம். காவலாளி சக்கர நாற்காலியைத் தள்ளி வந்தார். உள்ளே நுழைந்ததும் ஒரு மேசை; அங்கிருந்த செவிலியர் பெயர் கேட்பதற்கு முன் விரலில் கருவியைப் பொருத்தினார். ஆக்சிஜன் அளவு 82 என்று காட்டியது. சிவப்புப் பட்டை ஒன்றை மணிக்கட்டில் சுற்றிவிட்டு, ஓ.பி. சீட்டு பிறகு போடலாம், முதலில் உள்ளே கொண்டுபோங்கள் என்றார். நோயாளிகளை வந்த வரிசையில் பார்க்காமல், உயிருக்கு உள்ள ஆபத்தின் அளவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துப் பார்க்கும் முறை தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் விபத்து, அவசரச் சிகிச்சைப் பிரிவுகளில் இப்போது நிலைபெற்றிருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் கேஷுவாலிட்டி என்றால் ஒரே மேசை, ஒரே டாக்டர், சுற்றிலும் நாற்பது பேர் என்றிருந்ததைப் பார்த்தவன் என்பதால், இந்த மாற்றத்தின் அருமை எனக்குத் தெரியும்.

இதயத்தின் இடப்புறம் ரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறும்போது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. அதனால்தான் அவரால் படுக்க முடியவில்லை. முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் வைத்தார்கள். நெஞ்சு வலி, மூச்சுத்திணறல் என்று வருபவருக்குப் பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவ நெறி. எட்டு நிமிடத்துக்குள் எடுத்தார்கள். புதிய மாரடைப்பு இல்லை என்று பார்த்துச் சொன்னார்கள். நரம்பில் ஊசி குத்தி, நீரைப் பிரிக்கும் லாசிக்ஸ் மருந்தை ஏற்றினார்கள். பன்னிரண்டேகால் மணிக்கு அவர் ஒரு முழு வாக்கியத்தை மூச்சுவிடாமல் பேசினார்: "வூட்டுக்குப் போலாமா?"

இதுவரை நடந்த சிகிச்சையில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. பணம் கேட்கவில்லை, ஆதார் கேட்கவில்லை, இடமில்லை என்று யாரும் சொல்லவில்லை. அவருக்கு நேர்ந்த துன்பம் எல்லாம் அவசரம் முடிந்த பிறகுதான் தொடங்கியது என்பதே இந்த நிகழ்வை எழுதத் தூண்டியது.

நடைபாதை

பன்னிரண்டு நாற்பதுக்கு முதுநிலை மாணவரான மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும் என்று கேஸ் ஷீட்டில் எழுதினார். அதே நேரத்தில் எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிக்கும் இருசக்கர வாகனத்துக்கும் நடந்த விபத்தில் சிக்கிய இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். சிவப்புப் பகுதியின் கட்டில் அவர்களுக்குத் தேவைப்பட்டது. பெரியவரை ஒரு ட்ராலிக்கு மாற்றி, எக்ஸ்ரே அறைக்குப் போகும் நடைபாதையில், சுவரோரமாக, ஏற்கெனவே நின்றிருந்த ட்ராலிகளின் வரிசையில் ஏழாவதாக நிறுத்தினார்கள். அந்த இடத்தைவிட்டு அவர் நகர்ந்தது மறுநாள் பிற்பகல் இரண்டு இருபதுக்கு.

இந்தப் பதின்மூன்று மணி நாற்பது நிமிடத்தை அவருடைய உடல் எப்படி அனுபவித்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் காத்திருப்பாகத்தான் தெரியும்.

அந்த ட்ராலிக்கு முதுகுப்பக்கம் உயர்த்தும் வசதி இல்லை. இருந்த கொக்கி உடைந்திருந்தது. இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் சேர்ந்தவரைத் தட்டையாகப் படுக்கவைக்கக் கூடாது. தலையணை கேட்டபோது, உள்ளே கட்டிலில் இருப்பவர்களுக்கே இல்லை என்றார்கள், அது பொய்யில்லை. ஆகவே மகள் ட்ராலியின் மேலேறி, தகப்பனாரின் முதுகோடு தன் முதுகைச் சேர்த்து வைத்து, கால்களைச் சுவரில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தார். விடியும்வரை அவர்தான் அந்தக் கட்டிலின் சாய்மானம். இடையில் நான் மாறிக்கொள்கிறேன் என்றபோது, "நீங்க ஒசரம் அண்ணா, அப்பாக்கு ஒத்து வராது" என்று சொல்லிவிட்டார்.

லாசிக்ஸ் நரம்பில் ஏறினால் ஐந்து நிமிடத்தில் வேலை தொடங்கி, அரை மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நீரைப் பிரித்துக்கொண்டே இருக்கும். பிரிய வேண்டும், பிரிவதே சிகிச்சை. எவ்வளவு பிரிகிறது என்று அளந்து எழுதவும் வேண்டும். ஆனால் கழிவறை நடைபாதையின் மறுமுனையில் இருந்தது. ஆக்சிஜன் சிலிண்டரோடு அங்கே போக முடியாது. யூரின் கேன் கேட்டதற்கு, இருப்பதெல்லாம் உள்ளே போய்விட்டது என்று ஆயாம்மா கையை விரித்தார். மகள் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை, பக்கத்து ட்ராலிக்காரரிடம் கத்தி வாங்கி அறுத்தெடுத்தார். தடுப்புத் திரை எதுவும் இல்லை. எதிர்ச் சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்த, அதுவரை எங்களிடம் ஒரு வார்த்தையும் பேசியிராத கொருக்குப்பேட்டைக்காரர் ஒருவர் எழுந்து வந்து, தன் பையிலிருந்த லுங்கியை விரித்து, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு திரையாகப் பிடித்தார். பெரியவருக்கோ மகள் எதிரில் நீர் பிரியவில்லை. மகளைப் போகச் சொன்னால் முதுகுக்குச் சாய்மானம் இல்லை. நான்கு நிமிடம் இப்படியே போயிற்று. பிறகு பிரிந்தது. அந்த இரவில் ஆறு முறை இது நடந்தது. பாட்டிலின் பக்கவாட்டில் மகள் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார். காலையில் வந்த மருத்துவர் கேட்ட ஒரே கேள்விக்கு, அதாவது எவ்வளவு நீர் பிரிந்தது என்பதற்கு, விடை அந்தக் கோடுகளில்தான் இருந்தது.

பின்னாளில் பேசும்போது, மூச்சு முட்டியதைப் பற்றிப் பெரியவர் இரண்டு வாக்கியம்தான் சொன்னார். அந்த லுங்கியைப் பற்றி நீண்ட நேரம் பேசினார்.

பின்வாசல்

அவசரப் பிரிவு நிரம்பி வழிகிறது என்றதும், சளிக்கும் தலைவலிக்கும் வருகிறவர்களால்தான் கூட்டம் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. செய்தியிலும் அதைத்தான் கேட்கிறோம்; மருத்துவர்களில் சிலரும் அதையே நம்புகிறார்கள். அந்த நடைபாதையை நான் எண்ணிப் பார்த்தேன். ட்ராலிகளில் இருந்த பதினொரு பேரில் ஒன்பது பேர் எங்களைப் போன்றவர்கள்: பார்த்தாயிற்று, நோய் இன்னதென்று தெரிந்தாயிற்று, சேர்க்க வேண்டும் என்று எழுதியும் ஆயிற்று, ஏறிப்போக வார்டில் கட்டில் இல்லை. பச்சைப் பட்டை கட்டியவர்கள் மரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு மருத்துவரின் பத்து நிமிடம். இடத்தையும் ஆக்சிஜனையும் செவிலியரின் கையையும் பிடித்து வைத்திருந்தவர்கள் நாங்கள்தான்.

அமெரிக்க அவசர மருத்துவர்கள் 2003இல் இந்த நெரிசலை நோயாளிகளின் வருகை, உள்ளே நடக்கும் சிகிச்சை, அங்கிருந்து வார்டுக்கோ வீட்டுக்கோ வெளியேற்றம் என்று மூன்றாகப் பகுத்து விளக்கினார்கள். அதற்குப் பிறகு உலகின் பல நாடுகளிலும் நடந்த ஆய்வுகள், நெரிசலின் முடிச்சு பெரும்பாலும் மூன்றாவதில், வெளியேற்றத்தில் இருப்பதாகவே காட்டின. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 1999இல் வந்த ஒரு கணக்கீட்டு ஆய்வு, மருத்துவமனைக் கட்டில்களில் சராசரியாக 85 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பியிருந்தால் அவசர நோயாளிக்கு இடம் கிடைக்காத நிலை தலைகாட்டத் தொடங்கும் என்றும், 90ஐத் தாண்டினால் அது அடிக்கடி நேரும் என்றும் சொன்னது. நம் ஊர்ப் பெரிய மருத்துவமனைகளின் பொது மருத்துவ வார்டில் கட்டிலுக்கு ஒருவர், கட்டிலுக்குக் கீழே பாயில் ஒருவர் என்பது கண்ணுக்குத் தெரிந்த காட்சி. நூறுக்கு மேல் போய்விட்ட இடத்தில் 85ஐப் பற்றிப் பேசுவதும் ஒரு வேடிக்கைதான்.

இதில் நம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கே உரிய ஒரு நுணுக்கம் உண்டு. வெளியே இருப்பவர்கள் அதை அதிகம் பேசுவதில்லை. பொது மருத்துவத் துறை யூனிட்டுகளாகப் பிரிந்திருக்கும். வாரத்தில் இன்ன நாள் இன்ன யூனிட்டுக்கு அட்மிஷன் என்று முறை வைத்திருப்பார்கள். அன்று அவசரப் பிரிவின் வழியாக வரும் பொது மருத்துவ நோயாளிகள் அத்தனை பேரும் அந்த யூனிட்டின் கணக்கில் சேர்வார்கள். ஒரு நோயாளியைத் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே குழு பார்க்கிறது, மாணவர்கள் ஒழுங்காகக் கற்கிறார்கள் என்பதெல்லாம் இந்த முறையின் நன்மைகள். ஆனால் அட்மிஷன் நாளில் ஒரு வார்டின் தரையெல்லாம் நிரம்பியிருக்கும்போது, நேற்றைக்கு முந்தின நாளே அட்மிஷன் முடித்த யூனிட்டின் வார்டில் மூன்று கட்டில் காலியாக இருக்கக்கூடும். அந்தக் கட்டில் எங்கள் கட்டில் அல்ல. நான் பேசிய பயிற்சி மருத்துவர் சிரித்துக்கொண்டே, "காலியா இருக்கறது எங்களுக்குத் தெரியும் சார், கேக்கறதுக்கு எனக்குத்தான் ரேங்க் பத்தாது" என்றார்.

அதோடு அது ஞாயிற்றுக்கிழமை. வார்டில் ஒருவர் குணமடைந்திருந்தாலும், பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து, டிஸ்சார்ஜ் என்று சொல்லி, சுருக்கம் எழுதி, மாத்திரை வாங்கி, காப்பீட்டுத் தாள்கள் முடிந்து, வீட்டிலிருந்து ஆள் வந்து கூட்டிக்கொண்டு போவதற்குள் பிற்பகல் ஆகிவிடும். ஞாயிறன்று அந்த ரவுண்ட்ஸ் பெயரளவுக்கே நடக்கும். ஆகவே ஞாயிறு இரவு வந்தவருக்கான கட்டில், திங்கள் காலை ரவுண்ட்ஸில் பிறந்து, பிற்பகல் இரண்டு மணிக்குக் கைக்கு வருகிறது. அவருக்கு இரண்டு இருபதுக்குக் கிடைத்ததில் தற்செயல் எதுவுமில்லை.

இன்னொரு வழியாகவும் அந்த நடைபாதை நிரம்புகிறது. விடியற்காலை மூன்றரை மணிக்கு, வியாசர்பாடிப் பக்கத்துச் சிறிய தனியார் நர்சிங்ஹோம் ஒன்றிலிருந்து, தடித்த ஃபைலோடு ஒரு மூதாட்டியைக் கொண்டு வந்தார்கள். நான்கு நாள் அங்கே வைத்திருந்து, கையில் இருந்தது தீர்ந்த இரவில் அனுப்பிவிட்டார்கள். அனுப்புவதற்கு முன் இங்கே யாரிடமும் பேசியிருக்கவில்லை.

இடமில்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பதில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. அவசர நிலையில் வரும் எவருக்கும் சிகிச்சை அளிப்பது அரசு, தனியார் என்ற வேறுபாடில்லாமல் எல்லா மருத்துவர்களின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் சொன்னது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியை மேற்கு வங்கத்தில் பல அரசு மருத்துவமனைகள் கட்டில் இல்லை என்று திருப்பி அனுப்பிய வழக்கில், 1996இல் வந்த தீர்ப்பு அதை உயிர்வாழும் உரிமையைக் காக்கும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவோடு சேர்த்தது. அந்தத் தீர்ப்பில் பலரும் நினைவு வைத்திருப்பது அவருக்கு வழங்கப்பட்ட 25,000 ரூபாய் இழப்பீட்டைத்தான். எந்த மருத்துவமனையில் கட்டில் காலியாக இருக்கிறதோ அங்கே நோயாளியை உடனே அனுப்புவதற்கு மாநில அளவில் மையத் தகவல் தொடர்பு வேண்டும் என்று அதே தீர்ப்பு சொன்னதை அவ்வளவாக யாரும் எடுத்துப் பேசுவதில்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் முதல் பாதியைப் பெருமளவு காப்பாற்றுகின்றன. யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. நடைபாதை அதற்குக் கொடுக்கும் விலை. இரண்டாம் பாதி கைகூடியிருந்தால் அந்த விலையில் ஒரு பகுதி குறைந்திருக்கும்.

வடசென்னைக்கு இது கூடுதலாகப் பொருந்துகிறது. 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய சத்திரத்திலிருந்து வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையை மூத்தவர்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்கிறார்கள். இந்தப் பக்கத்து ஏழைகளுக்கு அரசு மருத்துவமனை மேல் உள்ள உரிமை அந்தப் பெயரிலேயே இருக்கிறது. பிரசவத்துக்கு ஆர்.எஸ்.ஆர்.எம்., தொற்றுநோய்க்குத் தண்டையார்பேட்டை, மற்றதற்கெல்லாம் ஸ்டான்லியோ கீழ்ப்பாக்கமோ சென்ட்ரல் அருகிலுள்ள ராஜீவ் காந்தி பொது மருத்துவமனையோ என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரைபடம் உண்டு. 2025 பிப்ரவரியில் கொளத்தூரில் திறக்கப்பட்ட பெரியார் அரசு மருத்துவமனை அந்த வரைபடத்தில் அண்மையில் சேர்ந்திருக்கிறது. மறுபுறம் துறைமுகம், மணலியின் ஆலைகள், கண்டெய்னர் லாரிகள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, மூச்சுத்திணறலோடும் கண்ணெரிச்சலோடும் குடும்பம் குடும்பமாக மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். சாதாரண ஞாயிற்றுக்கிழமையிலேயே ட்ராலி வரிசை எக்ஸ்ரே அறையைத் தொடும் ஒரு பிரிவு, அப்படிப்பட்ட இரவை எந்த இடத்தில் வைத்துப் பார்க்கும் என்று அங்கே நின்றபடி யோசித்தேன்.

கூட இருப்பவர்கள்

மணிக்கு ஒரு முறை காவலாளி வந்து, ஒரு நோயாளிக்கு ஓர் ஆள்தான், மற்றவர்கள் வெளியே போங்கள் என்று விரட்டினார். அவர் போன பத்து நிமிடத்தில் செவிலியர் உள்ளேயிருந்து, "பேஷன்ட்கூட யாரு?" என்று குரல் கொடுத்தார். ரத்த சாம்பிளை லேபுக்குக் கொண்டு போவது, ரிசல்ட் வாங்கி வருவது, ட்ராலி தள்ளுவது, குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடிப்பது, ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்தால் ஓடிப்போய்ச் சொல்வது ஆகிய அனைத்தும் உடன் வந்தவர்களின் வேலையாகவே நடந்தன. நெரிசலில் பாதி உறவினர்கள் என்று சொல்வது உண்மைதான். அந்தப் பாதியை வெளியே அனுப்பிவிட்டால் வேலையில் பாதி நின்றுபோகும் என்பதும் உண்மை. தனியாக வந்த ஒருவர், புளியந்தோப்பில் தெருவோரம் தங்கியிருப்பவர், இரவு ஒரு மணிக்கு எழுதிய ஸ்கேனுக்குக் காலை எட்டு மணிவரை போகவில்லை. தள்ளிக்கொண்டு போக யாரும் இல்லை. லுங்கி பிடித்த கொருக்குப்பேட்டைக்காரரே கடைசியில் தள்ளிக்கொண்டு போனார். தள்ளுவதற்கு நூறு ரூபாய் கேட்ட ஒரு பணியாளரையும் பார்த்தேன். அதே இரவில், கேட்காமலே தன் டீயைப் பாதி ஊற்றிக் கொடுத்த ஆயாம்மாவையும் பார்த்தேன்.

பச்சைப் பட்டைக்காரர்களின் கோபம் தனி. மணிக்கட்டு எலும்பு முறிந்து பத்து மணிக்கு வந்த மூலகொத்தளத்துப் பெண்மணி, தனக்குப் பின்னால் வந்த பதினைந்து பேர் உள்ளே போவதை எண்ணிக்கொண்டிருந்தார். நிறப் பட்டை எதற்கு என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. கட்சிக் கலர் போல ஏதோ சிபாரிசு என்று நினைத்திருந்தார். நான் விளக்கியபோது, "இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் சார் சண்ட போடப்போறேன்?" என்றார். அவருடைய சண்டையில் ஒரு செவிலியரின் கால் மணி நேரம் ஏற்கெனவே போயிருந்தது. சுவரில் மூன்று நிறத்துக்கும் ஒவ்வொரு வரி எழுதி ஒட்டினாலே போதும். ஒட்டியிருந்த பலகையிலோ திட்டத்தின் பெயரும் தலைவர்களின் படமும் இருந்தன.

பெரியவரின் மகளும் இதையே வேறு சொற்களில் சொன்னார். இரவு ஒன்றிலிருந்து காலை எட்டுவரை, கட்டில் எப்போது கிடைக்கும், இன்னும் எத்தனை பேர் முன்னால் இருக்கிறார்கள், அப்பாவின் நிலை தேறியிருக்கிறதா என்று அவர் ஐந்து முறை கேட்டார். ஐந்து முறையும் "வெய்ட் பண்ணுங்கம்மா" என்பதே பதில். "எவ்ளோ நேரம்னாலும் நிப்போம்ணா. இன்னா ஏதுன்னு ஒரு வார்த்த." அதைச் சொல்ல வேண்டியவருக்கே விடை தெரியாது என்பதை அவர் அறிய வாய்ப்பில்லை. எந்த வார்டில் எந்தக் கட்டில் எப்போது காலியாகும் என்பது அவசரப் பிரிவின் செவிலியருக்கும் தெரியாது. வார்டுக்கு ஆள் போய்ப் பார்த்து வந்து சொன்னால்தான் தெரியும். என்னோடு பேசிய செவிலியர், அன்றிரவு தாம் அதிகமாகச் சொன்ன சொல் எது என்று கேட்டதற்கு, யோசிக்காமல் அதே "வெய்ட் பண்ணுங்க"வைச் சொன்னார். வீட்டில் குழந்தை தண்ணீர் கேட்டாலும் அதுவே வாயில் வருகிறதாம்.

தாளும் பெயரும்

காலை எட்டு மணிக்குப் பணிநேரம் மாறியது. இரவு மருத்துவர் தம் பொறுப்பிலிருந்தவர்களை அடுத்தவரிடம் ஒப்படைத்தபோது, உள்ளே கட்டிலில் இருந்தவர்களைக் கட்டில் எண் சொல்லி ஒப்படைத்தார். நடைபாதைக்கு எண் இல்லை. 'சுவரோரம் மாஸ்க் போட்டவர்' என்பதுதான் எங்கள் முகவரி; மாஸ்க் போட்டவர்கள் நான்கு பேர் இருந்தார்கள்.

ஒன்பதரை மணிக்கு ஓர் இளம் மருத்துவர் ரத்தப் பரிசோதனைத் தாளோடு வந்து, பொட்டாசியம் மிகவும் ஏறியிருக்கிறது, உடனே மருந்து ஏற்ற வேண்டும் என்றார். மகள் தாளை வாங்கிப் பார்த்தார். எட்டாம் வகுப்புவரை படித்தவர். பொட்டாசியம் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் வயது 38 என்று போட்டிருந்ததைப் படித்தார். மூன்று ட்ராலிகள் தள்ளி, அதே பெயருடைய, சிறுநீரகம் பழுதான ஓர் இளைஞர் இருந்தார். உயர்ந்திருந்தது அவருடைய பொட்டாசியம். அவருக்கு அந்த மருந்து அவசரமாகத் தேவைப்பட்டது. எங்கள் பெரியவருக்கு அதைக் கொடுத்திருந்தால், அவருக்கு வேண்டாத மருந்து ஏறியதோடு, அந்த இளைஞருக்கும் தாமதமாகியிருக்கும். மருத்துவர் வெலவெலத்துப் போனார். இரவு முழுக்க அவரும் தூங்கியிருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கையில் கட்டியிருந்த சிவப்புப் பட்டையில் நிறம் மட்டும் இருந்தது. பெயரோ எண்ணோ எழுதப்படவில்லை. அந்தச் சிறிய பட்டையில் ஓ.பி. எண்ணை எழுதுவதற்கு ஒரு பேனாவும் ஐந்து விநாடியும் போதும்.

என்ன செய்திருக்கலாம் என்று கேட்டால், புதிய கட்டடம் என்ற பதில் எல்லோரிடமும் தயாராக இருக்கிறது, அது வரட்டும். என் பார்வையில் அதற்கு முன்னால் வேண்டியது, இரவில் மருத்துவமனை முழுவதற்குமான கட்டில்களை யூனிட் பார்க்காமல் ஒதுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர். அவரிடம் ஒரு தொலைபேசியும் காலிக் கட்டில்களின் பட்டியலும் இருந்தால், அந்த இரவின் ஒன்பது ட்ராலிகளில் குறைந்தது மூன்று நள்ளிரவிலேயே மேலே போயிருக்கும் என்று அந்தப் பயிற்சி மருத்துவரே கணக்குச் சொன்னார். மறுநாள் வீட்டுக்குப் போகக்கூடியவர்களை முந்தின நாள் மாலையே முடிவு செய்து தாள்களை எழுதி வைப்பதும், ஞாயிறன்றும் அதைச் செய்வதும் இதோடு சேர்ந்தது. நடைபாதை தவிர்க்க முடியாதது என்றால், அதற்கும் எண் போட்டு, அதற்கென்று ஒரு செவிலியரை ஒதுக்கி, இரண்டு தடுப்புத் திரைகளையும் நான்கு யூரின் கேன்களையும் வைத்துவிடலாம். நடைபாதையை அங்கீகரித்ததாக ஆகிவிடும் என்று நிர்வாகம் தயங்குவது எனக்குப் புரிகிறது. அங்கீகரிக்காததால் அது இல்லாமல் போய்விடவில்லையே.

அதற்குப் பிறகு

வார்டில் அவர் ஐந்து நாள் இருந்தார். எக்கோ எடுத்தார்கள், மாத்திரைகளை மாற்றினார்கள், நன்றாகவே தேறி வந்தார். மாதாமாதம் மாத்திரை தீருவதற்குள் வாங்கி வருவதற்கு மகள் நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்தார். மருத்துவக் கணக்கில் இது வெற்றிகரமான சிகிச்சை. பதிவேட்டில் அப்படித்தான் இருக்கும்.

தை மாதத்தில் ஓர் இரவு மறுபடியும் மூச்சு வாங்கியது. மகள் 108ஐ அழைக்கப் போனபோது பெரியவர் கையைப் பிடித்துத் தடுத்தார். "அங்க போயி செவுத்தோரம் உக்கார்றதுக்கு இங்கயே உக்காந்துக்கறேன். விடியட்டும்." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தார். காலை ஏழு மணிக்கு உதடு நீலம் பாய்ந்த பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது. இந்த முறை ஊசியோடு தீரவில்லை; தீவிர சிகிச்சைப் பிரிவில் இறுக்கமான மாஸ்க் மாட்டி, கருவி வைத்து மூச்சை உள்ளே தள்ள வேண்டியிருந்தது. மூன்று நாளுக்குப் பிறகு பிழைத்து எழுந்தார்.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை மாட்டியிருந்தது. என்னவென்று கேட்டதற்கு, ஆஸ்பத்திரிப் பை என்றார் மகள். ஒரு சின்னத் தலையணை, பழைய லுங்கி ஒன்று, மூடி போட்ட யூரின் கேன், பேனா, போன் சார்ஜர். தகப்பனாரின் பெயரையும் வயதையும் ரத்த வகையையும் தடித்த எழுத்தில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கழுத்தில் மாட்டக் கயிறும் கட்டி வைத்திருந்தார்.